கால்நடைக்கு நோய் வந்தால் வியாபாரிக்கு என்ன?

சென்ற மாதம் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது கொண்டச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவர் வாசலில் காத்துக் கொண்டிருந்தார். வளவுக்குள் முயல் வளர்க்கப் போகிறாராம். பத்துப் பெண் முயலும் இரண்டு ஆண் முயலும் வெளி மாவட்டத்திலிருந்து எடுக்க ஏற்பாடு செய்துவிட்டார். கூடு அடிக்கப் பலகையும் கம்பி வலையும் தவணைக்கு வேண்டும். "முசலியில் முசல் வளர்க்காமல் வேறு எங்கே வளர்ப்பது நானா?" என்று சிரித்தார். (ஊர்ப் பெயருக்கும் முயலுக்கும் சம்பந்தம் உண்டா இல்லையா என்பதைத் தமிழ் படித்தவர்கள் சொல்லட்டும்.) பலகையை அளக்கு முன் நான் ஒரு கேள்வி கேட்டேன். "நோய் வந்தால் என்ன செய்வீங்க தம்பி?" "மருந்து கொடுப்பேன்" என்றார்.

நாம் எல்லோரும் சொல்லும் பதில்தான் அது. ஆனால் மருந்துக்கு முன்னால் நடக்க வேண்டிய காரியங்கள் பல உண்டு. அவற்றில் பாதி வளர்ப்பவர் கையில் இருக்கிறது. மீதிப் பாதி வியாபாரிகளாகிய நமது கையில் இருக்கிறது. இதனை நான் நட்டப்பட்டுத்தான் விளங்கிக் கொண்டேன்.

இது கால்நடை வளர்ப்போர் விடயம், நமக்கென்ன என்று பலசரக்குக் கடைக்காரர் நினைக்கக் கூடாது. சிலாவத்துறை, பொற்கேணி, மறிச்சுக்கட்டி என்று நமது பக்கத்தில் எந்தக் கடையின் கடன் கொப்பியை விரித்தாலும் "ஆடு விற்றுத் தருவேன்" என்ற கணக்கு இருக்கும். பெரும்போகச் செலவுக்கு, பிள்ளையின் படிப்புக்கு, கலியாணத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் ஆட்டுப் பட்டிதான் வங்கி. வளவில் ஓர் ஆடு செத்தால் என் கொப்பியில் ஒரு கடனும் சேர்ந்து செத்துப் போகிறது.

முயலில் நமது ஊருக்கு அனுபவம் குறைவு. ஆட்டிலும் மாட்டிலும் அனுபவம் நிறைய உண்டு. ஆகவே அந்த அனுபவத்தைச் சொல்லிவிட்டு முயலுக்கு வருகிறேன்.

2022 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நின்ற நாட்கள் அவை. 9 ஆம் திகதி இரவு அது தமிழ்நாட்டின் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தது. அதற்கு முன்னரே வடக்கிலும் கிழக்கிலும் குளிர் காற்று வீசத் தொடங்கியிருந்தது. அதே நாட்களில் வளி மாசடைந்து விட்டது என்று பாடசாலைகளுக்கும் விடுமுறை கொடுத்தார்கள். விடிந்து பார்த்தால் பட்டிகளில் மாடுகள் கால் நீட்டிக் கிடக்கின்றன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, திருகோணமலை, மட்டக்களப்பு என்று ஒவ்வோர் ஊரிலிருந்தும் செய்தி வந்தது. இரண்டு மாகாணங்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஒருசில நாட்களில் இறந்தன.

என்ன நோய் என்று யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். காற்றில் விஷம் வந்தது என்றார் ஒருவர். இந்தியாவிலிருந்து புதுக் கிருமி வந்தது என்றார் இன்னொருவர். மனிதருக்கும் தொற்றும் என்று தொலைபேசியில் குரல் பதிவுகள் சுற்றின. அரசாங்கம் பாதிக்கப்பட்ட மாகாணங்களிலிருந்து மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி வெளியே கொண்டு செல்வதைத் தற்காலிகமாக நிறுத்தியது. செத்த மிருகத்தின் இறைச்சி சந்தைக்குப் போய்விடக் கூடாது என்ற அளவில் அது சரியான காரியம்தான். நமக்கோ செத்தது ஹராம் என்பதில் பேச்சுக்கே இடமில்லை.

அந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். நான் ஆட்டு வியாபாரமும் சிறிதளவு செய்பவன். அக்கம் பக்கத்து ஊர்களில் வாங்கிப் புத்தளம் பக்கத்துக் கடைகளுக்கு அனுப்புவேன். பதினான்கு ஆடு வைத்திருந்த ராத்தா ஒருவர், கணவர் இல்லாதவர், எனக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, அஞ்சு மவுத்தாப் போச்சு. மிச்சம் ஒம்பதையும் எடுங்க. நல்லாத்தான் நிக்குது" என்றார். முந்திய வாரம் நல்ல கிடாய் ஒன்றுக்கு 25,000 ரூபா நானே அவருக்குக் கொடுத்திருந்தேன். நான் போகவில்லை. நோய் ஆட்டைத் தொட்டால் என் பெயரும் கெடும், கையிலிருப்பதும் விலைப்படாது என்று பயந்தேன். "பொறுங்க ராத்தா, பார்ப்போம்" என்று வைத்துவிட்டேன். மறுநாள் வெளியூர் லொறி ஒன்று வந்து ஒன்பதையும் தலைக்கு 8,000 ரூபாவுக்கு ஏற்றிக் கொண்டு போய்விட்டது. மதிப்பாகச் சொன்னால் ஒன்றரை இலட்சம் ரூபா அந்த வீட்டிலிருந்து ஒரு பகலில் போய்விட்டது. செத்த ஐந்தின் கணக்கை இதில் நான் சேர்க்கவில்லை.

சில நாட்களில் முடிவு வந்தது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் மாதிரிகளைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, தொற்று நோய் இல்லை, குளிர்தான் காரணம் என்று அறிவித்தது.

குளிரில் மாடு சாகுமா என்று அப்போது பலர் கேட்டார்கள். நுவரெலியாவில் சாகாத மாடு மன்னாரில் ஏன் சாக வேண்டும் என்பது நியாயமான கேள்விதான். விளக்கம் இதுதான். மிருகம் தன் உடம்புச் சூட்டைத் தீனியை எரித்துத்தான் காக்கிறது. பெரும்போகத்தில் வயலெல்லாம் விதைத்துவிடுவோம். மாடுகளை மேய்ச்சலுக்கு விட இடம் இருக்காது. காட்டோரத்திலும் குளக்கட்டிலும் கிடைத்ததைக் கடித்துக் கொண்டு நிற்கும். எலும்பு தெரியும் காலம் அது. அந்த உடம்போடு, கூரையில்லாத பட்டியில், இரவு முழுவதும் மழையில் நனைந்து காற்றில் நின்றால் எரிக்க உள்ளே ஒன்றும் இல்லை. கன்றும் கிழடும் சினை மாடும் முதலில் விழும். மலைநாட்டு மாடு கொட்டிலுக்குள் தீனியோடு நிற்கிறது. ஆக, அந்த மாடுகளைப் பசியும் நனைந்த முதுகும் சேர்ந்துதான் கொன்றன. நமது பக்கத்தில் கொட்டிலுக்குக் கிடுகு மேய்ந்து, காற்று வரும் பக்கம் சாக்குப் படங்கு கட்டி, இரவில் பூவரசங் குழையும் வைக்கோலும் போட்டவர்களுக்குச் சேதம் குறைவாகவே இருந்தது. இதை நான் என் கண்ணால் கண்டேன்.

அந்த ராத்தாவின் ஒன்பது ஆட்டிலும் நோய் இருக்கவில்லை. நோய் இருக்கிறது என்ற பேச்சுத்தான் இருந்தது. அதுவே போதுமாக இருந்தது.

இதில் நான் கண்ட பெரிய தீங்கு வேறு. அடுத்த வருடம் அதே வீட்டில் இரண்டு ஆடு கழிச்சலில் விழுந்தன. ராத்தா யாருக்கும் சொல்லவில்லை. நிற்பதை இரவோடு இரவாக விற்றார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. உண்மை சொன்னதற்காகச் சென்ற முறை நாம் அவருக்குக் கொடுத்த விலை அவருக்கு நினைவிருக்கும்தானே. நோய் என்று சொன்னவரின் பொருளை மூன்றில் ஒரு பங்குக்கு வாங்குகிறோம். மறைத்தவரின் பொருளை முழு விலைக்கு வாங்குகிறோம். பிறகு நோய் ஆடு நம் பட்டிக்கு வந்துவிட்டது என்று அழுகிறோம். வாங்கும் முறையாலேயே பொய்யை வளர்த்தவர்கள் நாம்.

அந்த லொறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 இல் தொற்று இல்லாததால் ஒன்றும் நடக்கவில்லை. உண்மையில் தொற்று நோயாக இருந்திருந்தால் அந்த ஒன்பது ஆடும் வழியிலுள்ள எத்தனை ஊருக்கு அதைக் கொண்டு போயிருக்கும்? கால்நடை நோய்கள் பெரும்பாலும் விற்பனையோடுதான் பிரயாணம் செய்கின்றன. கால் வாய் நோய் லொறித் தட்டில் ஒட்டிய சாணத்திலும், கயிற்றிலும், நமது செருப்பிலும் வரும். மலிவு என்று ஏற்றுகிறவன் மலிவாக நோயையும் ஏற்றுகிறான்.

உலகத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் முயல்தான். 1984 இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்த அங்கோரா இன முயல்களிடையே ஒரு நோய் தோன்றியது. இரத்தப் போக்கை உண்டாக்கும் வைரஸ். வளர்ந்த முயல் இரண்டு மூன்று நாளில் சாகும். பல முயல்கள் எந்த அறிகுறியும் இல்லாமலே விழுந்துவிடும். ஒரு வருடத்துக்குள் சீனாவில் பதினான்கு கோடி முயல்கள் இறந்ததாகக் கணக்கு. பிறகு ஐரோப்பாவுக்குப் போனது. 1988 இல் மெக்சிகோவுக்கு வந்தது எப்படித் தெரியுமா? உயிர் முயலில் அல்ல. சீனாவிலிருந்து வந்த உறைந்த முயல் இறைச்சியில். குளிரூட்டிக்குள் இருந்தாலும் அந்த வைரஸ் சாகாது. மெக்சிகோவில் நோய் கண்ட இடங்களின் முயல்களை அழித்து, கூடுகளைக் கழுவி, சில காலம் வெறுமையாகப் போட்டு, பிறகு ஒருசில முயல்களை மட்டும் விட்டுப் பார்த்து, அவை பிழைத்த பின்னரே மீண்டும் வளர்க்க விட்டார்கள். ஒருசில வருடங்களில் நாட்டை விட்டே அந்த நோயை அகற்றிவிட்டார்கள். வெறும் கூட்டில் நாலு முயலை விட்டுப் பார்ப்பது சின்ன வளவுக்காரரும் செய்யக் கூடிய காரியம்.

நமது பக்கத்துக்கு வருவோம். தோலில் கட்டி கட்டியாகப் போடும் மாட்டு அம்மை (லம்பி ஸ்கின் என்று வைத்தியர்கள் சொல்வது) 1929 இல் ஆபிரிக்காவின் சாம்பியாவில் முதலில் காணப்பட்டது. தொண்ணூறு வருடம் கழித்து 2019 இல் பங்களாதேஷுக்கும் இந்தியாவுக்கும் வந்து, 2020 இல் இலங்கையின் வடக்கில் தலைகாட்டியது. 2022 இல் இந்தியாவில், முக்கியமாக ராஜஸ்தான் பக்கம், பெருந்தொகை மாடுகளைக் கொன்றது. 2023 இல் நமது வடமேல் மாகாணத்தில் பரவியது. மாடுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்வதற்குக் கட்டுப்பாடு வந்தது. அது மே மாதம். ஹஜ்ஜுப் பெருநாள் ஜுன் 29 ஆம் திகதி. உழ்ஹிய்யா மாட்டுக்கு முற்பணம் வாங்கியிருந்த வியாபாரிகள் எல்லோருக்கும் அந்த ஆறு வாரம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

என்னிடமும் எட்டு மாட்டுக்கு முற்பணம் இருந்தது. மூன்று வருட வாடிக்கைக்காரர் ஒருவர், "நானா, ஒரு நாம்பனுக்குக் கழுத்தில் கட்டி போலத் தெரியுது" என்று தானாகவே சொன்னார். முந்திய அனுபவம் எனக்கு இருந்தது. அன்றைக்கே அவருக்குச் சொன்னேன்: "உங்கள் வளவு மாடு ஒன்றையும் இப்போது எடுக்க மாட்டேன். கொடுத்த முற்பணத்தைத் திருப்பிக் கேட்கவும் மாட்டேன். வைத்தியர் வந்து பார்க்கட்டும். சுகமானதும் அன்றைய சந்தை விலைக்கு நான்தான் எடுப்பேன்." உழ்ஹிய்யாவுக்கு நோய் வெளிப்படையாகத் தெரியும் பிராணி கூடாது என்பது மார்க்கத் தீர்ப்பு. ஆகவே முற்பணம் தந்தவர்களிடம் விடயத்தைச் சொன்னேன். ஐந்து பேர் ஆட்டுக்கு மாறினார்கள். மூன்று பேர் பணத்தைத் திருப்பி வாங்கினார்கள். அந்தப் பெருநாளில் எனக்கு இலாபம் இல்லை. நாம்பன் பிழைத்தது, மற்ற மாடுகளுக்கு வரவில்லை. வைத்தியர் பார்த்துச் சரி என்ற பிறகு செப்டம்பரில் எடுத்தேன். தோலில் தழும்பு விழுந்ததால் தோல் வியாபாரி விலை குறைத்தார். அது என் கணக்கு.

இந்த நோயைப் பற்றிச் சில உண்மைகளை வியாபாரிகள் தெரிந்திருக்க வேண்டும். இது மனிதருக்குத் தொற்றாது. ஆட்டுக்கும் வராது. சாவு பொதுவாக நூற்றுக்கு ஐந்துக்கு உட்பட்டது. பால் குறையும், மெலியும், சினை கலையலாம், தோல் பழுதாகும். பரப்புவது நுளம்பு, கடிக்கும் ஈ, உண்ணி. வேப்பிலைப் புகை போடுவதும், சாணத்தை அள்ளித் தூரக் கொட்டுவதும், தண்ணீர் தேங்க விடாததும் இதனால்தான். கிருமி உள்ளே போய் நோய் தெரிய 28 நாள் வரை ஆகலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்த 28 நாள் என்ற கணக்கைக் கேட்டபோது எனக்கு வாப்பாவின் நினைவு வந்தது. 1990 ஒக்டோபரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறு முன், எங்களுக்குப் பட்டி மாடு இருந்தது. வெளியிலிருந்து வாங்கிய மாட்டை வாப்பா உடனே பட்டியில் சேர்க்க மாட்டார். ஒரு பிறை முடியும் வரை வளவின் மறு மூலையில், காற்று எதிர்ப்பக்கம் போகும் இடத்தில் கட்டி வைப்பார். அதற்கென்று வேறு வாளி, வேறு கயிறு. பட்டி மாட்டுக்கு முதலில் தண்ணீர் வைத்துவிட்டுக் கடைசியாகத்தான் புது மாட்டிடம் போவார். கிருமி, வைரஸ் என்ற சொல்லை அவர் அறிந்தவர் அல்ல. நோயுள்ள ஒட்டகத்தை ஆரோக்கியமானவற்றிடம் கொண்டு வரக் கூடாது என்ற நபி (ஸல்) அவர்களின் கட்டளையைப் பள்ளியில் கேட்டிருந்தார், அவ்வளவுதான். அகதி வாழ்க்கை முடிந்து திரும்பி வந்த பிறகு நாமெல்லாம் இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

"ஒரு மாதம் பணத்தை முடக்கி வைத்தால் வியாபாரம் எப்படி நானா?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைக்கு 25,000 ரூபா வீதம் பத்து ஆடு என்றால் இரண்டரை இலட்சம். குழை வெட்டுக் கூலி, தவிடு, பார்ப்பவர் கைச்செலவு என்று ஓர் ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 60 ரூபா போட்டால், 28 நாளைக்குப் பத்து ஆட்டுக்கும் 16,800 ரூபா. ஓர் ஆட்டின் விலைக்கும் குறைவு. ஒன்று காப்பாற்றப்பட்டாலே அந்தச் செலவு தீர்ந்துவிடுகிறது. தீனி நன்றாகக் கொடுத்தால் எடையும் கூடும். நேரே கடைக்கு அறுப்புக்குப் போகும் ஆட்டுக்கு இது தேவையில்லை. வளர்ப்புக்கு விற்கும் ஆட்டுக்குத்தான் தேவை. இரண்டையும் ஒரே லொறியில் ஏற்றாமல் இருப்பதே பாதி வேலை.

சட்டமும் உண்டு. 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின்படி குறிப்பிட்ட நோய்கள் தென்பட்டால் அறிவிக்க வேண்டும். நமது ஆட்கள் கால்நடை வைத்திய அதிகாரியிடம் போகப் பயப்படுவது, மாட்டுக்குக் காது இலக்கம் இல்லை, அனுமதிப் பத்திரம் இல்லை என்று கேட்பார்கள் என்பதற்காக. அந்தப் பயத்தால் தடுப்பூசியும் கிடைக்காமல் போகிறது. கமத்தொழில் கமநலக் காப்புறுதிச் சபையில் கால்நடைக்கும் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. அடையாளம் இல்லாத மாட்டுக்கு அவர்கள் எப்படிப் பணம் தருவார்கள்? காது இலக்கம் போட்ட மாட்டுக்கு நாம் ஆயிரம் ரூபா கூடக் கொடுத்தால் ஒரு வருடத்தில் ஊரில் இலக்கம் இல்லாத மாடு குறைந்துவிடும். நான் கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன். தனி ஒருவன் கொடுத்தால் நடக்காது என்பதும் தெரிகிறது.

செத்ததைப் பற்றி ஒரு சொல். கடற்கரையிலும் குளத்து அலைகரையிலும் வீசுவது நமது பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. நாய் இழுத்து ஊரெல்லாம் பரப்பும். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். திடீரென்று செத்து மூக்கிலோ பின் துவாரத்திலோ இரத்தம் வடிந்திருந்தால் கத்தி வைத்து அறுத்துப் பார்க்கவே கூடாது. அது மனிதனைக் கொல்லும் அந்த்ராக்ஸ் நோயாக இருக்கலாம். தோலை உரித்து விற்க நினைத்து உயிரை விட வேண்டாம்.

இனி அந்த இளைஞரின் முயலுக்கு வருகிறேன். முயல் ஹலால். அனஸ் (ரலி) அவர்கள் முயல் பிடித்த சம்பவமும், அதன் தொடை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்பப்பட்டு ஏற்றுக் கொள்ளப்பட்டதும் ஹதீஸில் இருக்கிறது. வளவு சிறிதாக உள்ளவர்களுக்கு நல்ல தொழில். சினைக் காலம் 31 நாள்தான். ஒரு ஈற்றுக்கு ஆறு எட்டுக் குட்டி போடும். ஆனால் பெருகுவது போலவே சாகவும் செய்யும். குட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் குடலில் வரும் இரத்தக் கழிச்சல். அது புழுக்கையில் இருந்து வருகிறது. புழுக்கை கீழே விழும்படி கம்பித் தளம் அடித்து, தினமும் கூட்டைக் காயவைத்தால் பாதி தீர்ந்தது. காதுக்குள் பொருக்குப் பிடிக்கும் சொறி அடுத்த கூட்டுக்குத் தாவும். அதற்கு ஊசி இருக்கிறது, அளவை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். மாட்டுக்குப் போடும் அளவில் போட்டால் முயல் தாங்காது. மூக்கு ஒழுகித் தும்மும் முயலை வேறாக்க வேண்டும். மூன்றும் மழைக் காலத்தில் கூடும். நமது மழை ஒக்டோபரில் இருந்து.

அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பன்னிரண்டை ஒன்றாக எடுக்க வேண்டாம். ஒரே இடத்தில் நாலு எடுங்கள். வளவின் மறு மூலையில் ஒரு பிறை வைத்துப் பாருங்கள். பலகைக்கும் வலைக்கும் தவணை தருகிறேன், ஆனால் பாதிக்குத்தான். முயல் ஒன்று செத்தால் அன்றைக்கே என்னிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அந்த மாதத் தவணையைத் தள்ளி வைப்பேன், மறைத்தது தெரிந்தால் முழுவதையும் கேட்பேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. "மூணு மாசம் பிந்துமே நானா" என்றார். பிந்தும்தான். நாலு கூட்டுக்கான பலகையை மட்டும் அளந்து மோட்டார் சைக்கிளில் கட்டிக் கொண்டு போனார். நேற்று வரை ஒன்றும் சாகவில்லை என்று செய்தி, அல்ஹம்துலில்லாஹ்.